பாக்குறேன், ஆமா

அந்த அழைப்பு அட்டை மூன்று வாரமாக லாரியின் முன்கண்ணாடிக்கு அடியில், சாண்ட்விச் சுற்றிய தாள்களுக்கும் ஒற்றைக் கையுறைக்கும் நடுவே கிடந்தது. ஃபின்டன் கெரிகன் அதைத் தூக்கி எறியவும் இல்லை, எடுத்துப் பத்திரப்படுத்தவும் இல்லை. வளைவில் லாரி திரும்பும்போது அது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சறுக்கிப் போகும். அடுத்த வளைவில் திரும்பி வரும்.

"இன்னைக்குத்தானே இது?" என்றான் மலக்கி.

"எது?"

"எதுவாம்! மூணு வாரமா என் கண்ணு முன்னாடி ஆட்டம் போட்டுக்கிட்டிருக்கு, எதுன்னு கேக்குறான்." மலக்கி ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி மறு கையால் அட்டையை எடுத்தான். "சோர்க்கா டிவேன். புதிய எண்ணெய் வண்ண ஓவியங்கள். காட்சி மற்றும் விற்பனை. வெள்ளி, மூன்று மணி. ஒயின் வழங்கப்படும். ஒயின்டா! ஓசி ஒயின்!"

"ரோட்டப் பாரு."

"பின்னாடி கையால என்னமோ எழுதியிருக்கு."

"ரோட்டப் பாருன்னேன்."

மலக்கி ரோட்டைப் பார்த்தான். ஆனால் அதற்குள் வாசித்து முடித்துவிட்டான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு அணைந்தது. அட்டையின் பின்பக்கத்தில் இரண்டே வரிகள்தான்: 'நுவாலாவின் படமும் இருக்கிறது. மற்றவர்கள் பார்ப்பதற்கு முன்னால் நீங்கள் வந்து பார்க்க வேண்டும், எந்த நாளானாலும் சரி.'

கில்லாலா சாலையில் மழை குறுக்காக விழுந்துகொண்டிருந்தது. இருவரும் பத்தொன்பது வருடமாக இந்த மாவட்டத்துச் சாலைகளில் குழி அடைக்கிறார்கள். மலக்கி ஓட்டுவான், ஃபின்டன் தார்க்கலவையை மண்வெட்டியால் அள்ளிப் போட்டு மட்டம் தட்டுவார்.

"அப்போ நீ முன்னாடியே போகல."

"போகல."

"இன்னைக்காவது போறியா?"

"போறேன், ஆமா."

மலக்கி பெருமூச்சு விட்டான். அந்தப் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்குக்கூடத் தெரிந்த கணக்கு இது. 'போறேன்' என்றால் போகலாம், போகாமலும் இருக்கலாம். 'போறேன், ஆமா' என்றால் போகமாட்டேன், இனி அந்தப் பேச்சை எடுக்காதே என்று அர்த்தம். பெண் கேட்டவனுக்கும், கடன் கேட்டவனுக்கும், பாவமன்னிப்புக்கு வரச் சொன்ன பாதிரியாருக்கும் இந்த ஊர் இந்த ஒரே பதிலைத்தான் வைத்திருந்தது.

பத்து மணிக்கு ஒரு வீட்டு வாசலில் குழி அடைத்தார்கள். வீட்டுக்காரம்மா கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "டீ குடிக்கிறீங்களா?"

"அய்யோ வேணாம்மா," என்றார் ஃபின்டன்.

"ஒரு வாய் குடிச்சா என்னவாம்?"

"இருக்கட்டும்மா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"தண்ணி கொதிச்சிருச்சு, வாங்க."

அதற்கப்புறம்தான் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார்கள். மலக்கி பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டே சொன்னான்: "கீழ்த்தெருவுக்குக் குடிவந்திருக்கிற அந்த ஜெர்மன்காரர் கிட்ட போன மாசம் இதே மாதிரி வேணாம்னேன். சரின்னு சொல்லிட்டுக் கதவ சாத்திட்டாருப்பா! கொட்டுற மழையில நான் நிக்கிறேன், ஜன்னல் வழியா பாக்குறேன், மனுஷன் தனியா உக்காந்து கேக் சாப்பிடுறாரு."

வீட்டுக்காரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஃபின்டனும் சிரித்தார். மார்ச் மாதத்துக்குப் பிறகு அவர் சிரிப்பது பழைய கதவைத் திறப்பதுபோல இருந்தது. கொஞ்சம் இழுக்க வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமைகளில் இரண்டு மணிக்கு வேலை முடிந்துவிடும். மலக்கி அவரை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, அட்டையை அவருடைய மேல்கோட்டுப் பையில் திணித்தான்.

"குளிச்சிட்டுப் போ. தாரும் புகையுமா போய் நின்னா உன்னையும் சிலைன்னு நெனச்சு விலை ஒட்டிடுவாங்க."

*

ஃபின்டனின் மனைவி நுவாலா செவ்வாய்க்கிழமைகளில் சோர்க்கா டிவேன் வீட்டைச் சுத்தம் செய்யப் போவாள். எட்டு வருடமாகப் போனாள். ஓவியம் வரையும் கொட்டகையைக் கூட்டிப் பெருக்கி, தூரிகை ஊறும் ஜாடிகளைக் கழுவிவைத்துவிட்டு மூன்று மணிக்குத் திரும்பி வருவாள். கைகளில் பிளீச்சிங் வாடை அடிக்கும். கடைசிக் குளிர்காலத்தில் மட்டும் அந்த வாடை இல்லை. அதற்குப் பதிலாக, வண்ணம் கரைக்கிற டர்பன்டைன் வாடை அவளுடைய முடியில், கழுத்துத் துண்டில் இருந்தது. ஃபின்டன் அதைக் கவனித்தார், ஆனால் கேட்கவில்லை. சுத்தம் செய்ய அவளுக்குத் தெம்பில்லை என்றும், பேச்சுத் துணைக்குப் போகிறாள் என்றும் நினைத்துக்கொண்டார்.

அதற்கு இரண்டு வருடம் முன்னால் கால்வே நகரத்து ஆஸ்பத்திரியில் அவளுடைய இடது மார்பை எடுத்திருந்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை: "ஒரு பக்கம் குறைஞ்சிருச்சுய்யா. நீ என்ன எடை பாத்தா கட்டிக்கிட்ட?" நர்ஸ் சிரித்தாள். ஃபின்டன் தன் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

கட்டுப் பிரித்து ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் மாலை, வேலை முடிந்து வந்து, சமையலறைத் தொட்டியில் கையிலிருந்த தாரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சலவைத்தூளும் சர்க்கரையும் கலந்து தேய்த்தால்தான் போகும். நுவாலா அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். சட்டைப் பித்தான்கள் ஒன்று, இரண்டு என்று அவிழும் சின்னச் சத்தம் அவருக்குக் கேட்டது.

"ஃபின்டன். ஒரு தடவ பாக்குறியா?"

அந்தக் குரலில் கேலி இல்லை. முப்பத்தொரு வருடத்தில் அவளிடம் கேலி இல்லாத குரலை அவர் கேட்டது மூன்று நான்கு முறை இருக்கும். கை முழுவதும் கறுப்பு நுரை. கையைத் துடைக்க வேண்டும், மூச்சை ஒருமுறை இழுத்துக்கொள்ள வேண்டும், பிறகு திரும்ப வேண்டும். பார்க்கத்தான் போகிறார். அதை உறுதியாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான், வெறுமனே 'பாக்குறேன்' என்றால் பற்றாது என்றுதான், இன்னொரு வார்த்தையையும் சேர்த்துக்கொண்டார்.

"பாக்குறேன், ஆமா."

பின்னால் அவள் சிரித்தாள். நீளமான சிரிப்பு இல்லை, மூக்கு வழியாக வந்த சின்னக் காற்று.

"அதானே," என்றாள்.

அவர் துண்டைத் தேடி எடுத்துக் கையைத் துடைத்துத் திரும்பியபோது அவள் கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். பித்தான்கள் கழுத்துவரை மாட்டியிருந்தன.

நான் நிஜமாத்தான் சொன்னேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றே வார்த்தை. அன்று இரவு சாப்பிடும்போது சொல்லலாம் என்றிருந்தார். மறுநாள் அவள் நல்ல மனநிலையில் இருந்தாள், அதைக் கெடுப்பானேன் என்று தள்ளிப் போட்டார். அதற்கடுத்த வாரம் அந்த வார்த்தைகளின் எடை கூடிவிட்டது. அவள் உடை மாற்றுவதைக் குளியலறைக்குள் வைத்துக்கொண்டாள். கதவைத் தாழ்ப்பாள் போட்டதில்லை. போடாத அந்தத் தாழ்ப்பாளைத்தான் அவர் தினமும் பார்த்தார். உள்ளே இருப்பதை மனதுக்குள் வரைந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அது மாதாமாதம் பெரிதாகி, ஆழமாகி, கிணறு மாதிரி ஆகிவிட்டது.

அவளோ அதை வீட்டு நகைச்சுவையாக ஆக்கிவிட்டாள். "குப்பைத் தொட்டிய வாசலுக்குத் தள்ளிட்டு வாய்யா. 'பாக்குறேன், ஆமா'ன்னு சொல்லிடாத." அவரும் சிரிப்பார். ஒவ்வொரு தடவையும் சிரித்தார்.

நோய் திரும்பி வந்தது. மார்ச் மாதம் அவள் கண்ணை மூடியதும், நர்ஸுகள் அவளைக் குளிப்பாட்டி, நீல ஸ்வெட்டரைப் போட்டு, பித்தான்களை மாட்டிவிட்ட பிறகுதான் அவரை உள்ளே கூப்பிட்டார்கள்.

*

பாலினா ஊரில் ஆற்றைப் பார்த்தாற்போல இருந்த அந்தக் கேலரி முன்பு இறைச்சிக்கடையாக இருந்தது. கூரையில் கொக்கி மாட்டும் இரும்புக் கம்பி இன்னும் அப்படியே இருக்க, அதில் விளக்குகளைத் தொங்கவிட்டிருந்தார் கேலரிக்காரர் ஜெரார்ட் லாலி. ஃபின்டன் உள்ளே நுழைந்தபோது நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். யாரோ அவர் கையில் ஒயின் கிளாஸைத் திணித்தார்கள். அதைக் குடிக்காமல், சிந்தாமல், ஏதோ அடுத்தவர் பொருளைப்போலப் பிடித்துக்கொண்டார்.

சுவரெல்லாம் மனிதர்கள். பேருந்து நிறுத்தத்தில் தூங்கும் ஒருவர். தலைதுவட்டும் ஒரு பையன். நாய்க்கு முள் எடுக்கும் இரண்டு சகோதரிகள். எல்லோரையும் ஊரில் எங்கோ பார்த்த மாதிரி இருந்தது.

பின்சுவரில் ஒரு கூட்டம் சிரித்துக்கொண்டிருந்தது.

"தலைப்பப் பாருங்க! 'பாக்குறேன், ஆமா'வாம்!"

"எங்க வீட்டுக்காரர் சொல்றது. கல்லறையில பொறிச்சு வைக்கலாம்."

"யாரு யார்கிட்ட சொல்றது? அந்தம்மா நம்மகிட்ட சொல்றாங்களா?"

"நீ சும்மா இரு, படத்தப் பாரு."

சிரிப்பு அடங்கியது. அந்தப் படத்தின் முன்னால் எல்லோருடைய சிரிப்பும் அப்படித்தான் அடங்கியது என்பதை ஃபின்டன் பிறகு கவனித்தார். அட்டையை வாசிப்பார்கள், சிரிப்பார்கள், நிமிர்வார்கள், பிறகு பேச்சு நின்றுவிடும்.

கூட்டம் விலகியது.

கதவளவு உயரமான படம். நுவாலா ஒரு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பழுப்புப் பாவாடை. சட்டை திறந்து, ஒரு தோளிலிருந்து நழுவியிருந்தது. மடியில் ஒரு கோப்பை, அதன்மேல் வலது கை. காலில் சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை. ஃபின்டன் முதலில் பார்த்தது அதைத்தான். அது அவருடைய காலுறை. இடது குதிகாலில் பச்சை நூலால் அவளே ஒட்டுப்போட்டது, சோர்க்கா அந்தப் பச்சையை நாலே தீற்றலில் வைத்திருந்தாள். இந்தக் காலுறையைத் தேடி அவர் ஒரு குளிர்காலம் முழுக்க அலமாரியைக் குடைந்திருக்கிறார்.

காலுறையிலேயே கண்ணை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மேலே பார்த்தார்.

கிணறு ஒன்றும் இல்லை. விலா எலும்பின் மேல் சரிவாக ஒரு கோடு, ஒரு சாண் நீளம். பக்கத்தில் போனால் அது சிவப்புகூட இல்லை. ஊதாவும் மங்கிய ரோஜாவும் ஓரத்தில் கொஞ்சம் பச்சையுமாக இருந்தது. சுற்றிலும் தோல் சற்று இழுபட்டு, ஒட்டுப்போட்ட இடம் பழைய சாலையோடு சேருவதுபோலச் சேர்ந்திருந்தது. தன்னையறியாமல் ஃபின்டன் ஒரு தொழிலாளியாக அதைப் பார்த்தார். நல்லா செஞ்சிருக்காங்க. மட்டமா இருக்கு. தண்ணி நிக்காது.

இவ்வளவுதானா.

இதற்காகவா இரண்டு வருடம். இந்த ஒரு சாண் கோட்டுக்காகவா அவள் குளியலறையில் உடை மாற்றினாள், அவர் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

முகத்தைக் கடைசியாகத்தான் பார்த்தார். அது கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கிறவளின் முகம். பதில் என்னவென்று அவளுக்கு இன்னும் தெரியாது. சமையலறையில் அன்று முதுகுக்குப் பின்னால் இந்த முகம்தான் இருந்திருக்கும். ஒரு மாலை நேரத்தில், மூன்று விநாடிக்கு இருந்த முகம். அன்று ஃபின்டன் திரும்பிப் பார்க்காத அதை இன்று நாற்பது பேர் பார்த்துவிட்டார்கள்.

"வந்துட்டீங்க," என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. சோர்க்கா நின்றிருந்தாள். நல்ல உடையில் இருந்தாலும் நகக்கண்களில் வண்ணம் போகவில்லை. "வரமாட்டீங்கன்னு நெனச்சேன், ஃபின்டன்."

"வந்தேன்."

"பன்னிரண்டு செவ்வாய்க்கிழமை உக்காந்தாங்க. நான்தான் பயந்தேன். அவங்க என்னைத் திட்டுவாங்க, 'நீ என்ன கோழியா வரையிற, மனுஷியத்தானே, நேரா பாத்து வரை'ன்னு." அவள் குரல் சற்று உடைந்தது. "தலைப்பும் அவங்க வச்சதுதான். எதுக்குன்னு கேட்டேன். 'வீட்டு ஜோக்'னு மட்டும் சொன்னாங்க."

ஃபின்டன் கிளாஸைப் பார்த்தபடி தலையசைத்தார்.

"இதுக்கு விலை போட எனக்கு மனசே வரல. லாலிதான் போட்டாரு, மற்ற படங்களோட சேத்து. ஆனா யாரும் இன்னும் கேக்கல. ஃபின்டன், இது உங்களுக்குத்தான். நீங்க எடுத்துக்கங்க. கொண்டுபோய்டுங்க."

நெஞ்சுக்குள் ஏதோ குதித்தது. ஆனால் வாய் அறுபத்திரண்டு வருடப் பழக்கத்தில் ஊறிய வாய்.

"அய்யோ, வேணாங்க."

"நிஜமாத்தான் சொல்றேன். எனக்கு ஒண்ணும் குறைஞ்சிடாது."

"இருக்கட்டும் சோர்க்கா. உங்க பொழப்பு இது. இதுக்குப் போய்…"

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அவளும் இந்த ஊர்க்காரிதான், இதே மாவட்டத்து டீயைக் குடித்து வளர்ந்தவள்தான். தண்ணி கொதிச்சிருச்சு, வாங்க. அந்த மூன்றாவது வார்த்தைக்காக மனதுக்குள் அவர் மண்வெட்டியைச் சாய்க்கத் தயாராக நின்றார். சரிங்க, உங்களுக்கு இஷ்டம்னா, என்று சொல்லப்போகும் வாக்கியம் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது.

சோர்க்கா அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்க. நான் கேட்டிருக்கவே கூடாது. உங்களால இதப் பாக்க முடியாதுன்னு நுவாலா சொல்லியிருக்காங்க. கோவமா சொல்லல, தப்பா நெனைக்காதீங்க. 'அந்த மனுஷனுக்கு முடியாது, பாவம்'னு சொன்னாங்க." அவர் கைமீது தன் கையை ஒரு கணம் வைத்தாள். "நீங்க இன்னைக்கு வந்ததே பெரிசு."

யாரோ கூப்பிட, அவள் போய்விட்டாள்.

சாலையில் ஒருவன் மண்வெட்டியோடு நிற்க, வீட்டுக்கதவு சாத்திக்கொண்ட சத்தம் ஃபின்டனுக்குக் கேட்டது.

*

வெளியே ஆற்றின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மழை விட்டிருந்தது. தண்ணீர் பெருகி, பாலத்தின் வளைவுகளை இடித்துக்கொண்டு ஓடியது.

எனக்கு வேணும்.

இரண்டே வார்த்தைதான். வாழ்க்கையில் அவர் இந்த வாக்கியத்தைச் சொன்னதே இல்லை என்று அப்போதுதான் தோன்றியது. கல்யாணம் கேட்டபோதுகூட 'உனக்கு வேற வேலை ஒண்ணும் இல்லன்னா' என்றுதான் ஆரம்பித்தார். நுவாலா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, 'இப்ப நீ கேக்குறியா, இல்ல வானிலை சொல்றியா?' என்றாள். அவளுக்கு அப்போது புரிந்தது. எல்லாவற்றையும் புரிந்துகொள்கிறவள், அந்த ஒரு நாள் மட்டும் ஏமாந்துபோனாள்.

"எனக்கு வேணும்," என்று ஆற்றைப் பார்த்துச் சொன்னார். இன்னொரு தடவை, சற்று உரக்கச் சொன்னார். நாயைக் கூட்டிக்கொண்டு போன ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு நல்லாருக்கும் வானம்," என்றார். "இருக்கும், இருக்கும்," என்றார் ஃபின்டன்.

பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். பின்சுவரை நெருங்கும்போதே தெரிந்துவிட்டது. தலைப்பு அட்டையின் மூலையில், சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி ஒட்டியிருந்தது. விற்றுவிட்டால் ஒட்டுவது.

படத்தின் முன்னால் சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள். ஐம்பது வயது இருக்கும், வெளியூர்க்காரி. அவள் கணவர் அட்டையை வாசித்துச் சிரிக்க ஆரம்பித்து, மனைவியின் பக்கம் திரும்பியதும் நிறுத்திக்கொண்டார். அவள் சிரிக்கவில்லை. அவளுடைய வலது கை கோட்டின் இடதுபக்கம் போய், அங்கேயே தங்கிவிட்டது. கணவர் தன் கிளாஸைத் தரையில் வைத்தார். அவளையும் பார்த்தார், படத்தையும் பார்த்தார். பார்க்க வேண்டிய நேரம் முழுவதும் பார்த்தார்.

ஃபின்டன் ஒதுங்கி நின்றார். அவர்கள் போகும்வரை கொக்கிக் கம்பியில் தொங்கிய விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு மேசையருகே ரசீதுகளை அடுக்கிக்கொண்டிருந்த லாலியிடம் போனார். ஆற்றங்கரையில் சொல்லிப்பார்த்த வாக்கியம் வாய்க்குள்ளேயே இருந்தது. வெளியே வந்தது வேறொன்று.

"அந்தப் பின்சுவர்ப் படம்… வாங்கினவங்க கிட்ட, விட்டுக்குடுப்பாங்களான்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்க, இல்ல?"

லாலி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அன்று அவர் கையில் நாலாவது கிளாஸ், ஏழாவது விற்பனை. முகம் பளபளத்தது.

"கேக்குறேன், ஆமா," என்றார்.

ஃபின்டன் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். வீடு வரும்வரை அந்தக் குரலை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டினார். 'கேக்குறேன்' முடிந்து 'ஆமா' தொடங்குவதற்குள் லாலி மூச்சு விட்டாரா? புருவம் எங்கே இருந்தது? இந்த மொழியைப் பேசியே அறுபத்திரண்டு வருடம் வாழ்ந்தவருக்கு, அது எந்த 'ஆமா' என்று தெரியவில்லை. நுவாலாவும் அன்று கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டே இப்படித்தான் கேட்டுப் பார்த்திருப்பாளோ? அவர் குரலை, அவர் முதுகை, தொட்டியில் ஓடிய தண்ணீரின் சத்தத்தை?

*

கண்காட்சி மாத முடிவுவரை இருந்தது. ஃபின்டன் போகவில்லை. போய் நின்றால் லாலியை நெருக்குவதாக ஆகிவிடும். ஒருமுறை கேட்டாயிற்று. அதையே திரும்பக் கேட்பது இந்த ஊரில் அடுத்தவர் கழுத்தில் கை வைக்கிற மாதிரி. சோர்க்கா மறுவாரமே பெல்ஜியத்துக்குப் போய்விட்டாள், அங்கே ஏதோ பள்ளியில் வசந்தகாலம்வரை பாடம் எடுக்கிறாளாம். ஃபின்டன் வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்து போனுக்கு எதிரில் உட்கார்ந்தார். குளிக்கப் போனால் கதவைத் திறந்தே வைத்தார். ஒரு தடவை போன் அடித்தது. மலக்கி.

"கிராஸ்மொலினா ரோட்டுல பெரிய குழியாம். காலையில ஆறு மணிக்குக் கிளம்பணும்."

"சரி."

"குரலுக்கு என்ன ஆச்சு? வேற யாரையாவது எதிர்பாத்தியா?"

"உன்னத்தான்டா, என் செல்லமே."

"செத்துத் தொலை," என்று மலக்கி அன்பாகச் சொல்லிப் போனை வைத்தான்.

லாரி ஆற்றோரம் போகும்போதெல்லாம் மலக்கி கேட்காமலேயே வேகத்தைக் குறைத்தான். சாலையிலிருந்து பின்சுவர் தெரியாது. தூங்கும் மனிதரின் படம் மட்டும் தெரியும்.

கண்களை மூடினால் கோடு தெரிந்தது. சரிவாக, ஒரு சாண். காலுறையின் பச்சை நூல் தெரிந்தது. முகம் மட்டும் மூன்றாவது நாளிலேயே கலைய ஆரம்பித்துவிட்டது. கலைந்த இடத்தில் பழைய பாஸ்போர்ட் படத்து நுவாலா வந்து உட்கார்ந்துகொண்டாள்.

கடைசி நாள், மதியம், லாரியை நிறுத்தச் சொன்னார்.

"போறியா?" என்றான் மலக்கி.

"போறேன்."

மலக்கி அவரைத் திரும்பிப் பார்த்தான். எஞ்சினை அணைத்தான்.

கேலரி வாசலில் ஒரு வேன் பின்கதவைத் திறந்துகொண்டு நின்றது. உள்ளே சுவர்கள் வெறுமையாக இருந்தன. படங்கள் எல்லாம் குமிழித்தாளில் சுற்றப்பட்டுச் சுவரோரம் சாய்ந்திருந்தன. அவற்றில் கதவளவு உயரமானது ஒன்றே ஒன்றுதான். நான்கைந்து அடுக்குத் தாள். உள்ளே பழுப்பாகவும் வெளிறிய ரோஜாவாகவும் ஏதோ கலங்கித் தெரிந்தது. குளத்துக்கு அடியில் இருப்பதுபோல.

"அட, கெரிகன்!" லாலி நாடாவைப் பல்லால் கடித்துக் கிழித்தபடி நிமிர்ந்தார். அவருடைய பார்வை ஃபின்டனின் தார் படிந்த பூட்ஸுக்கும், தொப்பியைச் சுருட்டும் கைக்கும், சுற்றிவைத்த படத்துக்கும் போய்த் திரும்பியது. அவர் முகம் மெல்ல மாறியது.

"நீங்க அன்னைக்கு… அது நிஜமாவே கேட்டதா? நான் சும்மா பேச்சுக்குச் சொல்றீங்கன்னுல்ல நெனச்சேன்?"

வேன் ஓட்டுநர், காதில் பென்சில் செருகிய இளவயதுக்காரர், காகிதத்தில் கையெழுத்துக்காக நின்றுகொண்டிருந்தார். காகிதத்தின் மேலே ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. ஃபின்டன் அந்தப் பெயரை வாசித்தார். சாம்பல் நிறக் கோட்டும், அதன் இடதுபக்கம் தங்கிப்போன கையும் நினைவுக்கு வந்தன.

"இல்ல, இல்ல," என்றார். "சும்மாதான். பேச்சுக்குத்தான்."

"அப்பாடி," என்றார் லாலி. "ஒரு நிமிஷம் எனக்கு உயிரே போயிருச்சு."

ஓட்டுநர் பெரிய படத்தின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார். "ஒரு ஆளால ஆகாது. யாராவது ஒரு கை பிடிக்கிறீங்களா?"

லாலிக்கு இடுப்புவலி. ஃபின்டன் தொப்பியைப் பைக்குள் திணித்தார். பத்தொன்பது வருடம் கனம் தூக்கிப் பழகிய கைகள். குனிந்து அடிப்பக்கத்தைப் பிடித்தார். நினைத்ததைவிட லேசாக இருந்தது. மரச்சட்டமும் துணியும் வண்ணமும்தானே. கடைசி வாரங்களில் அவளைக் குளியலறைக்குத் தூக்கிப் போனபோது அவளும் இப்படித்தான் லேசாக இருந்தாள். அப்போதும் சட்டை கழுத்துவரை மாட்டியிருந்தது.

அவர் முன்னால், பின்பக்கமாக நடந்தார். முகத்துக்கு நேரே குமிழித்தாள். அவர் மூச்சு பட்டு அது பனி பிடித்தது. லாரியிலிருந்து மலக்கி பார்த்துக்கொண்டிருந்தான். மழை மறுபடி தொடங்கியிருந்தது.

"பின்னாடி படி இருக்கு," என்றார் ஓட்டுநர். "பாத்து வாங்க."

"பாக்குறேன்," என்றார் ஃபின்டன்.